கதவுக்குள்ளும் கடமை உண்டு

மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும், காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டியை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அதைக் கையால் தொட வேண்டியதில்லை, குனிய வேண்டியதும் இல்லை. காலை எடுத்ததும் மூடி தானாக மூடிக்கொள்ளும். உள்ளே கிடப்பது யார் கண்ணையும் உறுத்தாது. ஆனாலும், இந்த எளிய பொருள் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் பெரும்பாலும் காணப்படுவதில்லை. பணியிடங்களில் பெண்களுக்கான கழிப்பறையே அந்த இடம்.

இந்தத் தொட்டியின் வடிவமைப்போடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் லில்லியன் கில்பிரெத். அமெரிக்கப் பொறியியல் வரலாற்றில் தனியிடம் பெற்ற பெண்மணி அவர். பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்ற தாய் என்றே உலகம் அவரை அதிகம் அறிந்திருக்கிறது. தொழிலாளியின் களைப்பை அறிவியலாக ஆராய்ந்தவர், மாதவிடாய்க்கால அணையாடையைப் பற்றிப் பெண்களிடமே கேட்டு முறையாக ஆய்வு செய்தவர் என்ற செய்திகள் பலருக்குத் தெரியாது. பணியிடக் கழிப்பறையில் சேரும் சானிட்டரி நாப்கின் கழிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நம் முன்னே நிற்கும் இந்நாளில், அவருடைய வாழ்க்கையை நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும்.

லில்லியன் 1878-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். கூச்ச சுபாவம் மிகுந்த அந்தச் சிறுமிக்குத் தொடக்கக் கல்வி வீட்டிலேயே அளிக்கப்பட்டது. பெண்ணுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு எதற்கு என்று தந்தை தயங்கிய காலம் அது. அந்தத் தயக்கத்தைக் கடந்து பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆங்கில இலக்கியம் பயின்று, 1900-இல் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் உரையாற்றிய முதல் பெண் அவர். 1902-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

1904-இல் ஃபிராங்க் கில்பிரெத் என்ற கட்டட ஒப்பந்ததாரரை மணந்ததும் அவர் வாழ்க்கை திசைமாறியது. ஃபிராங்க் கல்லூரி வாசலை மிதிக்காதவர். செங்கல் அடுக்கும் கொத்தனாருக்கு உதவியாளாக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஒரே வேலையை ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செய்வதைக் கவனித்து வியந்தவர். தரையில் கிடக்கும் செங்கல்லுக்காக ஒரு மனிதன் நாளெல்லாம் குனிந்து நிமிர வேண்டுமா என்று யோசித்தார். செங்கற்களை இடுப்பு உயரத்தில் வைக்கும் சாரத்தை வடிவமைத்தார். ஒரு செங்கல்லை வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகளை ஐந்துக்கும் குறைவாக ஆக்கிக் காட்டினார். குனிவது குறைந்தது, வேலையும் பெருகியது.

கணவரின் தொழில் அறிவோடு மனைவியின் உளவியல் அறிவு சேர்ந்தது. அந்நாளில் ஃபிரெடெரிக் டெய்லர் என்பவர் கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு தொழிற்சாலைகளுக்குள் புகுந்து, வேலையின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். கில்பிரெத் தம்பதியோ கடிகாரத்தை விட அசைவைக் கவனித்தனர். திரைப்படக் கருவியால் தொழிலாளியின் கைகளைப் படமெடுத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகப் பிரித்தனர். எது தேவையானது, எது தேவையற்றது, எது உடலை வீணாக வருத்துகிறது என்று பார்த்தனர். தொழிலாளியும் மனிதரே, அவருக்கும் மனம் உண்டு, அவருடைய நிறைவும் வேலையின் ஒரு பகுதியே என்பதை அந்த ஆய்வில் வலியுறுத்தியவர் லில்லியன்.

இதை அவர் 'மேலாண்மையின் உளவியல்' என்ற நூலில் விரிவாக எழுதினார். 1914-இல் வெளியான அந்நூலில் அவருடைய முழுப்பெயர் அச்சிடப்படவில்லை. முதலெழுத்துகளோடு குடும்பப் பெயர் மட்டுமே இடம்பெற்றது. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் நூல் விலை போகாது என்று பதிப்பாளர்கள் அஞ்சினர். 1915-இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவர் பல குழந்தைகளின் தாய். அந்த ஆய்வேட்டின் பொருள், கற்பித்தலில் ஏற்படும் வீண் விரயத்தை அகற்றுவது. விரயம் என்ற சொல் அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

1916-இல் தம்பதியர் இருவரும் களைப்பைப் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதினர். களைப்பு இருவகைப்படும் என்பது அவர்கள் கருத்து. உழைப்பால் இயல்பாக வருவது ஒன்று. மோசமான இருக்கை, மங்கிய வெளிச்சம், ஓய்வின்மை, சரியாக அமையாத இடம் போன்றவற்றால் வருவது மற்றொன்று. முதலாவதற்கு ஓய்வு தர வேண்டும். இரண்டாவதை இல்லாமலே ஆக்க வேண்டும். அதை இல்லாமல் ஆக்க வேண்டியவர் வேலை வாங்குபவரே தவிர, வேலை செய்பவர் அல்லர். நின்றுகொண்டே வேலை செய்தோருக்கு நாற்காலி கொடுக்கச் சொன்னார்கள். தேவையற்ற களைப்பைப் போக்கும் நாற்காலிகளையும் கருவிகளையும் திரட்டி ப்ராவிடன்ஸ் நகரில் ஒரு சிறு காட்சியகமே அமைத்தார்கள்.

கடைகளில் பணியாற்றுவோருக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது 2021-இல்தான். நூறாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட ஒரு சிறு நியாயம் சட்டமாகி நம் துணிக்கடைகளை வந்தடைய அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

1924-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், ஃபிராங்க் மாரடைப்பால் திடீரென்று இறந்தார். ஐரோப்பாவில் நடக்கவிருந்த மாநாடுகளுக்குப் புறப்படச் சில நாட்களே இருந்தன. பன்னிரண்டு குழந்தைகளில் ஒருத்தி ஐந்து வயதில் தொண்டை அடைப்பான் நோயால் முன்பே இறந்திருந்தாள். எஞ்சிய பதினொருவரில் மூத்த மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது. லில்லியன் சில நாட்களிலேயே கப்பலேறினார். கணவர் ஆற்ற வேண்டியிருந்த பணிகளை ஐரோப்பாவில் தாமே நிறைவேற்றித் திரும்பினார்.

திரும்பி வந்தவருக்குக் காத்திருந்தது ஏமாற்றம். இருபது ஆண்டுகள் இணைந்து செய்த வேலையில் அவருடைய பங்கு என்ன என்பது தெரிந்திருந்தும், நிறுவனங்கள் பல ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கவில்லை. தொழிற்சாலைக்கு ஆலோசனை சொல்ல ஒரு பெண்ணா என்ற எண்ணமே காரணம். பதினொரு பிள்ளைகளையும் வளர்த்துப் படிக்கவைக்க வேண்டிய நிலையில், பெண்ணின் அறிவை ஏற்கும் இடம் எது என்று அவர் தேடினார். கடையும் சமையலறையும் பெண்களுக்கான பொருள்களைத் தயாரிக்கும் நிறுவனங்களும் அவருக்கு வாசல் திறந்தன. மூடப்பட்ட கதவுகளே அவரை வேறொரு கதவின் முன் கொண்டுபோய் நிறுத்தின.

நியூயார்க்கின் மேசீஸ் பேரங்காடியில் விற்பனைப் பெண்களின் வேலையையும் களைப்பையும் ஆராய்ந்தார். 1926-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அவரிடம் வேறொரு பணியை ஒப்படைத்தது. பெண்கள் எத்தகைய சானிட்டரி நாப்கினை விரும்புகிறார்கள் என்று கண்டறிய வேண்டும் என்பதே அது.

அந்தக் காலத்தின் பின்னணியை அறிந்தால்தான் இப்பணியின் அருமை விளங்கும். முதல் உலகப் போரில் காயக்கட்டுக்காக மரக்கூழிலிருந்து தயாரிக்கப்பட்ட பஞ்சு, போர் முடிந்தபின் தேங்கியது. அதைக்கொண்டு 1920-களின் தொடக்கத்தில் கோடெக்ஸ் என்ற அணையாடை சந்தைக்கு வந்தது. துணியைத் துவைத்துக் காயவைத்து மறைத்து வைத்த பெண்களுக்கு, பயன்படுத்திவிட்டு எறிந்துவிடலாம் என்பது பெரிய விடுதலையாகத் தோன்றியது. அலுவலகங்களிலும் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் பெண்கள் திரளாக வேலைக்குச் சென்றுகொண்டிருந்த காலமும் அதுவே. ஆயினும், கடைக்காரரிடம் அதைப் பெயர் சொல்லிக் கேட்கவே பெண்கள் கூசினர். அணையாடையை வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதை அணிந்தவர்களிடம் யாரும் முறையாகக் கேட்டதில்லை.

லில்லியன் கேட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து வினாத்தாள்கள் வழியே பதில்களைத் திரட்டினார். சந்தையில் கிடைத்த அணையாடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பெண்கள் கடையில் வாங்கியதை அப்படியே பயன்படுத்தவில்லை, கத்தரிக்கோலால் வெட்டிச் சிறிதாக்கிக்கொள்கிறார்கள் என்று கண்டார். அவை அளவுக்கு மீறிப் பெரிதாகவும் தடிப்பாகவும் இருந்தன. உடலுக்கு இசைவு, பாதுகாப்பு, பிறர் அறியாதபடி எடுத்துச் செல்லவும் அப்புறப்படுத்தவும் வசதி ஆகியவையே பெண்களின் தேவை என்பது அவருக்குத் தெளிவானது. 1927-இன் தொடக்கத்தில் அறிக்கையை அளித்தார்.

அந்த ஆய்வு ஒரு நிறுவனத்தின் விற்பனைக்காகச் செய்யப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அதில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை முணுமுணுப்பாக மட்டுமே பேசப்பட்ட ஒன்று, பொறியியல் ஆய்வுக்குரிய பொருளாக மேசைமீது வைக்கப்பட்டது. வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று ஒதுக்கப்பட்டது, சரிசெய்ய வேண்டிய வடிவமைப்புக் குறை என்று பெயர் பெற்றது.

அதன்பின் லில்லியனின் கவனம் வீட்டின் பக்கம் திரும்பியது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டு, அடுப்பும் கழுவுதொட்டியும் எந்த உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது என்று ஆராய்ந்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் உள்ள தட்டுகளும், மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும் இக்காலத்து ஆய்வுகளின் பயனாகக் கூறப்படுகின்றன. பின்னாளில், இதய நோயுற்ற பெண்களும் ஊனமுற்ற பெண்களும் சிரமமின்றி வேலை செய்யக்கூடிய சமையலறைகளை மருத்துவர்களோடு சேர்ந்து வடிவமைத்தார்.

பெருமந்தக் காலத்தில், 1930-இல், அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் அமைத்த வேலைவாய்ப்புக்கான அவசரக் குழுவில் மகளிர் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்; அங்குப் பொறியியல் துறையில் பேராசிரியரான முதல் பெண் அவரே. இரண்டாம் உலகப் போரின்போது, ஆண்கள் போர்முனைக்குச் செல்லப் பெண்கள் ஆலைகளுக்குள் நுழைந்த நேரத்தில், அவர்களுடைய பணிச்சூழல் குறித்து அரசு அமைப்புகளுக்கு ஆலோசனை வழங்கினார். 1965-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்ற சிறப்பும், 1966-இல் ஹூவர் பதக்கம் பெற்ற முதல் பெண் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தன. 1972 ஜனவரி 2-ஆம் நாள், 93-ஆம் வயதில் மறைந்தார். 1984-இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

அவர் வாழ்க்கையைக் குறையே இல்லாத காவியமாக எழுத வேண்டியதில்லை. அசைவுகளைக் குறைக்கும் ஆய்வு, ஆட்களைக் குறைக்கும் ஆயுதமாகவும் பயன்படக்கூடும் என்று தொழிலாளர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. சிக்கனமான சமையலறைக்கு இலக்கணம் வகுத்த அவர் வீட்டில், சமைக்கவும் பிள்ளைகளைக் கவனிக்கவும் மாமியாரும் பணியாட்களும் இருந்தனர். பயன்படுத்திய அணையாடை கழிப்பறையை விட்டு வெளியேறிய பின் அதை அள்ளுபவர் யார் என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. அவர் காலத்து அணையாடை பருத்தியும் மரக்கூழும் ஆனது, மண்ணில் மக்கக்கூடியது. இன்றைய நாப்கினில் நெகிழிப் படலமும், நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும் வேதிப்பொருளும் உள்ளன. அது எளிதில் மக்காது. கழிப்பறைக்குள் போட்டால் குழாயை அடைக்கும். குறைந்த வெப்பத்தில் எரித்தால் நச்சுப் புகையைக் கக்கும்.

எனவே, அவர் விட்ட இடத்திலிருந்து அவருடைய முறையையே கைக்கொண்டு நாம் தொடர வேண்டும். ஒரு வேலையை முழுமையாக அறிய அதில் ஈடுபடும் கைகளைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடர வேண்டும் என்பது கில்பிரெத் முறை. நம் பணியிடக் கழிப்பறையில் ஒரு நாப்கினை அவ்வாறு பின்தொடர்ந்து பார்ப்போம்.

கழிப்பறைக்குள் தொட்டி இல்லை. பயன்படுத்தியதைச் சுற்றக் காகிதமும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு எஞ்சியிருப்பவை சில வழிகளே. அதைக் கையில் மறைத்துக்கொண்டு, சக ஊழியர்கள் நிற்கும் கைகழுவும் இடத்தைக் கடந்து வெளியே உள்ள பொதுத் தொட்டியைத் தேட வேண்டும். அல்லது கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அல்லது சன்னல் விளிம்பிலோ தண்ணீர்த் தொட்டியின் பின்புறத்திலோ செருக வேண்டும். அல்லது கழிப்பறைக்குள்ளேயே போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இவை எதுவும் வேண்டாம் என்று நினைப்பவர், மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் மணிக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார். வேறு சிலர் அந்த நாட்களில் விடுப்பே எடுத்துவிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் விடுப்பு மட்டுமே பதிவாகும். தொட்டி இல்லாதது எங்கும் பதிவாகாது.

அடுத்து வருபவை இன்னொருவரின் கைகள். குழாய் அடைத்துக்கொண்டால் அழைக்கப்படுபவர் தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் வழியே குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்டவர். கையுறை இருந்தால் அது அவர் நற்பேறு. பிறகு அந்தக் கழிவு சோற்றுப் பொட்டலத்தோடும் காகிதத்தோடும் கலந்து நகராட்சி வண்டிக்குச் செல்கிறது. அங்கே மற்றொரு தொழிலாளி அதைக் கையால் பிரிக்கிறார். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்ட நாட்டில், மாதவிடாய்க் கழிவை வெறுங்கையால் பிரிப்பவர்களை நாம் கண்டும் காணாமல் இருக்கிறோம். நிறுவனம் மிச்சப்படுத்திய தொட்டியின் விலையை அவர்கள் தங்கள் உடலால் ஈடுசெய்கிறார்கள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 19-ஆம் பிரிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள் வேண்டும், அவற்றில் வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும், அவை எந்நேரமும் எளிதில் சென்றடையும்படி இருக்க வேண்டும், தூய்மையாகப் பராமரிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே இவ்வளவு சொன்ன அந்தப் பிரிவு, அணையாடைக் கழிவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிரிட்டனிலோ, 1992-ஆம் ஆண்டின் பணியிட நல விதிகளுக்கான நடைமுறைக் கையேடு, பெண்களின் கழிப்பறையில் அணையாடைகளை அப்புறப்படுத்த உரிய ஏற்பாடு வேண்டும் என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டது. நம் நாட்டில் 2016-இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய நாப்கினைத் தனியாகச் சுற்றி வைக்க வேண்டும் என்றும், அதற்கான உறையை உற்பத்தியாளர் தர வேண்டும் என்றும் கூறின. பயன்படுத்துபவரின் கடமையும் உற்பத்தியாளரின் கடமையும் இவ்வாறு எழுதப்பட்டன. அந்தப் பெண் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிடும் இடத்தின் உரிமையாளரோ இந்த வரிகளுக்கிடையே எளிதாக நழுவிவிடுகிறார்.

அவர் நழுவக்கூடாது. கழிப்பறை கட்டிக் கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று வேலை அளிப்பவர் கருதுவது, சாரம் கட்டிக் கொடுத்துவிட்டுச் செங்கல்லைத் தரையில் போட்டு வைப்பதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும், வெளியே பொது இடத்தில் அன்றி உள்ளேயே, மூடியுள்ள மிதி தொட்டி இருக்க வேண்டும். சுற்றுவதற்குக் காகித உறை இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அதை அகற்ற ஒருவர் பொறுப்பாக்கப்பட வேண்டும். அவருக்குக் கையுறையும் கழுவச் சோப்பும் உரிய ஊதியமும் தரப்பட வேண்டும். கழிவு தனியாகவே உள்ளாட்சியின் வண்டியை அடைய வேண்டும். எரிப்பான் வைத்தால் அது முறையான வெப்பத்தில் இயங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். சுவரில் மாட்டிவிட்டால் மட்டும் போதாது. பராமரிப்பை வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தமாக விடலாம். பொறுப்பை அவ்வாறு விட முடியாது. இவை அனைத்துக்கும் மேலாக, கழிப்பறைக்குச் சென்றுவர நேரம் கொடுக்க வேண்டும். எத்தனை முறை எழுந்து போனாய் என்று கணக்கெடுக்கும் மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தில் எந்தத் தொட்டியும் பயன்படாது.

சிறு நிறுவனங்களுக்கு இது கூடுதல் செலவு என்ற வாதம் எழலாம். நாற்காலிக்கும் அன்று அதே வாதம் எழுந்தது. குழாய் அடைப்பை நீக்கும் செலவு, விடுப்பால் இழக்கும் வேலைநாள், நோயால் இழக்கும் உழைப்பு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால் எது விரயம் என்பது விளங்கும். லாபக் கணக்கையும் தள்ளி வைத்துப் பார்த்தாலும், ஒரு பெண்ணின் உழைப்பை எட்டு மணி நேரம் பெற்றுக்கொள்பவர், அவருடைய உடலையும் சேர்த்தே வேலைக்கு வரவேற்றிருக்கிறார் என்பதே உண்மை.

எவரும் வாய்விட்டுக் கேட்காததால் தேவை இல்லை என்று பொருளாகாது. லில்லியன் கில்பிரெத் முறையாகக் கேட்ட பின்புதான், பெண்கள் கத்தரிக்கோலோடு தனியே போராடிக்கொண்டிருந்தது ஆண்கள் நடத்திய நிறுவனத்துக்குத் தெரிந்தது. நம் ஆலைகளையும் அலுவலகங்களையும் கடைகளையும் பள்ளிகளையும் நடத்துபவர்கள், தங்களிடம் பணியாற்றும் பெண்களிடமும், அவர்களுக்குப் பின்னால் கழிவை அள்ளும் தூய்மைப் பணியாளரிடமும் ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும். பதில் கிடைத்த மறுநாளே அந்தத் தொட்டிகளை வாங்கிவிடலாம்.